ரீயூனியன் தீவின் கிரியோல் வீட்டுச் சாப்பாடு: காரி, கிரேன், கீரை, ருகாய் – முழுமையான செய்முறை

தமிழ்ச் சமையல் பழகிய கை, ரீயூனியன் தீவின் கோழிக் காரியை முதல்முறை செய்யும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறும்: மல்லித்தூள் டப்பாவைத் திறந்துவிடும். இந்தச் சமையலுக்கு மல்லித்தூள் வேண்டாம். மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால், கடுகு தாளிப்பு எதுவும் வேண்டாம். வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், தக்காளி, தைம் என்ற வாசனைத் தழை இருந்தால் போதும். மீதி ருசியெல்லாம் சட்டியின் அடியில் பிடிக்கும் பழுப்பிலிருந்து வருகிறது. காரம் தனியாகப் பக்கத்தில், ருகாய் என்ற காரத் தொடுகறியில் இருக்கும்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் கிடக்கும் இந்த எரிமலைத் தீவு 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். அங்கே அடிமை முறை 1848 டிசம்பர் 20 அன்று ஒழிந்தது. அதன் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பெருந்திரளாகத் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் வழிவந்தவர்களை அங்கே 'மால்பார்' என்கிறார்கள். சமையலறைச் சொற்களில் அந்தத் தடம் அழியாமல் இருக்கிறது. 'காரி' நம் கறி. 'ருகாய்' ஊறுகாயிலிருந்து வந்தது என்பதே பரவலான கருத்து. முருங்கை 'முருங்' ஆகியிருக்கிறது, கறிவேப்பிலை 'கலுபிலே' ஆகியிருக்கிறது, பீர்க்கங்காய் 'பிபங்காய்' ஆகியிருக்கிறது. ஆனாலும் பிரான்ஸ், மடகாஸ்கர், சீனம், ஆப்பிரிக்கா எல்லாம் சேர்ந்த சட்டி இது, அந்தக் கலப்பைத்தான் 'கிரியோல்' என்கிறார்கள். நம் குழம்பின் கிளை என்று எடுத்துக்கொண்டு சமைத்தால் வராது.

ஒரு முழுத் தட்டு என்பது இது: வெள்ளைச் சோறு, அதன்மேல் கெட்டியாக வெந்த பயறு (இதைத்தான் 'கிரேன்' என்பார்கள்), பக்கத்தில் காரி, ஒரு கீரை, ஓரத்தில் ஒரு கரண்டி ருகாய். கீழே உள்ள அளவுகள் ஆறு பேருக்கு.

சட்டியும் இடிகல்லும்

தீவில் 'மார்மித்' என்று சொல்லும் கனத்த வார்ப்புச் சட்டியில் சமைப்பார்கள். நம்மிடம் கனமான இண்டாலியம் சட்டி இருந்தால் அதுவே சரி. ஒட்டாத பூச்சுள்ள நான்ஸ்டிக் சட்டி இதற்கு ஆகாது. அடியில் எதுவும் பிடிக்காது. பிடிக்காவிட்டால் காரிக்கு நிறமும் கிடையாது, ஆழமும் கிடையாது. பழகிய இரும்புச் சட்டியில் செய்யலாம். ஆனால் தக்காளியின் புளிப்பு இரும்பை இழுக்கும் என்பதால், வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மாலைக்குள் குழம்பு கறுத்து, உலோக வாடை வரும்.

இடிப்பதற்கு அங்கே எரிமலைக் கல்லில் குடைந்த சிறிய உரல் இருக்கும். அதில் இடிக்கும் குழவியைக் 'கலூ' என்கிறார்கள், கேட்டதும் நம் 'கல்' காதில் விழும். இதற்கு மிக்ஸி போடாதீர்கள். மிக்ஸி விழுது தண்ணீர் விட்டுக்கொண்டு சூடான எண்ணெயில் தெறிக்கும், பிறகு ஒரேயடியாக அடியில் ஒட்டித் தீயும். இடித்த பூண்டும் இஞ்சியும் நாராக, சிறு துணுக்குகளாக இருப்பதால் எண்ணெயில் சீராகச் சிவக்கும். முதலில் உப்பையும் மிளகையும் போட்டு நுணுக்கிவிட்டுப் பூண்டைப் போடுங்கள். உப்பு பூண்டைப் பிடித்துக்கொள்ளும், பல் துள்ளி வெளியே விழாது. இஞ்சி கடைசி.

கோழிக் காரி

தேவையானவை:
எலும்போடு வெட்டிய கோழி – 1.5 கிலோ, 5 செ.மீ. துண்டுகள்
எண்ணெய் – 3 மேசைக்கரண்டி (கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ, நல்லெண்ணெய் வேண்டாம்)
பெரிய வெங்காயம் – 3 (சுமார் 300 கிராம்), மெல்லியதாக நறுக்கியது
பூண்டு – 8 பல்
இஞ்சி – 30 கிராம்
மிளகு – 1 தேக்கரண்டி
கிராம்பு – 2
கல் உப்பு – 2 தேக்கரண்டி
மஞ்சள்தூள் – 1 தேக்கரண்டி, குவித்து
நாட்டுத் தக்காளி – 4 (சுமார் 350 கிராம்), பொடியாக நறுக்கியது
தைம் – 4 கொத்து

தைம் கிடைக்காவிட்டால் உலர்ந்த தைம் ஒரு தேக்கரண்டி போடலாம். அதுவும் இல்லையென்றால் கால் தேக்கரண்டி ஓமத்தைக் கசக்கிப் போடுங்கள். இரண்டின் வாசனைக்கும் தைமால் என்ற ஒரே பொருள்தான் காரணம். அதற்குமேல் போட்டால் கஷாய வாடை வரும்.

மஞ்சள் பற்றி ஓர் எச்சரிக்கை. தீவில் மஞ்சளை 'சஃப்ரான்' என்பார்கள். சென் ஜோசஃப் ஊருக்கு மேலே பிளேன் தே கிரேக் மேட்டில் விளைவது பேர்போனது. பிரெஞ்சுக் குறிப்புகளில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுக் குங்குமப்பூ வாங்கிப் போட்டு ஏமாறுபவர்கள் நிறைய.

1. கோழியைக் கழுவியபின் சல்லடையில் வடியவிட்டு, துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஈரக் கோழி வறுபடாது.

2. சட்டியை நன்றாகக் காயவைத்து எண்ணெய் ஊற்றி, அது அலையடிக்கத் தொடங்கியதும் கோழியைப் போடுங்கள். அரை தேக்கரண்டி உப்பு தூவுங்கள். தீ முழு வேகத்தில் இருக்கட்டும், மூடி வேண்டாம்.

3. முதல் ஐந்தாறு நிமிடம் கோழி தண்ணீர் விடும், சட்டி சளசளவென்று கொதிக்கும். பயப்படாமல் காத்திருங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சத்தம் மாறும். கொதிக்கும் சத்தம் அடங்கி, பொரியும் சத்தம் கேட்கும். தண்ணீர் வற்றி எண்ணெய் தெளிந்துவிட்டது என்று அர்த்தம். காரி அந்த நிமிடத்தில்தான் தொடங்குகிறது. அதற்குமுன் வெங்காயத்தைப் போட்டவர்கள் வேகவைத்த கோழிதான் சாப்பிடுவார்கள்.

4. இப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் புரட்டுங்கள். தோல் தேன் நிறத்துக்கு வரும், சட்டி அடியில் பழுப்பு ஏடு படியும். 8 முதல் 10 நிமிடம். பழுப்பு சரி, கருப்புப் புள்ளி தென்பட்டால் தீயைக் குறையுங்கள், கருகல் கசப்பை எதுவும் மறைக்காது. சட்டி சிறியது என்றால் கோழியை இரண்டு தவணையாக வறுங்கள். ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் ஆவியில் வெந்துபோகும்.

5. வெங்காயத்தைப் போட்டு, அது விடும் ஈரத்தைக் கொண்டே அடியில் உள்ள ஏட்டைக் கரண்டியால் சுரண்டி எடுங்கள். 5 நிமிடத்தில் வெங்காயம் துவண்டு பழுப்பைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும்.

6. இடித்த பூண்டு, இஞ்சி, மிளகு, உப்பு, கிராம்பு. ஒரு நிமிடம் கிளறுங்கள்.

7. தீயைக் குறைத்து மஞ்சள்தூள். அரை நிமிடம் எண்ணெயில் பிரட்டினால் பச்சை வாடை போகும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் கருகத் தொடங்கும். தக்காளிக்குப் பிறகு மஞ்சள் போட்டால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் மண் வாடை நிற்கும்.

8. தக்காளியும் தைமும். மூடாமல் 6 முதல் 8 நிமிடம், தக்காளி உருத்தெரியாமல் கரையும்வரை. நான்கு தக்காளிக்கு மேல் வேண்டாம். கூடினால் இது காரி ஆகாது, தக்காளித் தொக்கு ஆகிவிடும்.

9. ஒரு தம்ளர், அதாவது 200 மி.லி. சுடுதண்ணீர். மூடிவைத்துச் சிறுதீயில் பிராய்லர் என்றால் 20 முதல் 25 நிமிடம். நாட்டுக்கோழி என்றால் தண்ணீரை இரண்டு தம்ளராக்கி ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். தீவில் முற்றத்தில் மேயும் கோழிக்குத்தான் மதிப்பு, அதற்குப் பொறுமை வேண்டும்.

10. மூடியைத் திறந்து கடைசி 5 நிமிடம் சுண்டவிடுங்கள். குழம்பு துண்டுகளைப் போர்த்தியிருக்க வேண்டும், மிதக்க விடக்கூடாது. சோற்றை நனைக்கும் வேலை கிரேனுக்கு உரியது. காரி குறைவாக, அடர்த்தியாக இருந்தால்தான் தட்டு பொருந்தும்.

நீர்த்துப்போனால் மாவோ முந்திரி விழுதோ சேர்க்காதீர்கள். கோழியை எடுத்து வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் முழுத்தீயில் சுண்டவைத்து மீண்டும் சேருங்கள். நிறம் வெளிறியிருந்தால் நான்காம் படியில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். அதை இனித் திருத்த முடியாது, அடுத்த முறைக்கு நினைவில் வையுங்கள்.

மீனுக்கும் இதே அடிப்படைதான். ஒரே வேறுபாடு: மீனைத் தனியே பொரித்து எடுத்துவைத்து, குழம்பு தயாரான பிறகு 8 நிமிடம் மட்டும் உள்ளே விடுங்கள்.

கிரேன்: சிவப்பு ராஜ்மா

ராஜ்மா 300 கிராமை முதல் நாள் இரவே தாராளமான தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிடுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மாவில் வயிற்றைக் கலக்கும் நஞ்சுப் பொருள் உண்டு. வெதுவெதுப்பான சூட்டில் நெடுநேரம் வைத்தாலும் அது போகாது; கொதிதான் அதை அழிக்கும். பிறகு நசுக்கினால் மாவாகும்வரை குக்கரில் வேகவையுங்கள். 20 நிமிடம் போல ஆகும். பழைய ராஜ்மா என்றால் இன்னும் கூடும். வேகும் தண்ணீரில் தக்காளியோ புளியோ சேர்த்தால் தோல் இறுகி வேகாமல் அடம்பிடிக்கும்.

வேறொரு சட்டியில் 2 மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு வெங்காயம், உப்போடு இடித்த 4 பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி, இரண்டு கொத்து தைம் வதக்கி, அரை தேக்கரண்டி மஞ்சள் போடுங்கள். வெந்த ராஜ்மாவை அதன் தண்ணீரோடு ஊற்றுங்கள். இரண்டு கரண்டி ராஜ்மாவைச் சட்டியின் சுவரோடு வைத்து நசுக்கிக் கலக்கி 15 நிமிடம் சிறுதீயில் விட்டால் தானாகவே கெட்டிப்படும். கரண்டியின் முதுகில் பூசினாற்போல் ஒட்டி, மெதுவாக வழிய வேண்டும். ஆறினால் மேலும் இறுகும் என்பதால், கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்குங்கள்.

தீவின் நடுவே சிலாவோஸ் என்ற மலைக்கிண்ணத்தில் விளையும் சிறிய லென்டில், அதாவது மசூர் இனம், அங்கே பெருமைக்குரிய பயறு. நமக்கு அதற்கு நெருக்கமானது தோல் நீக்காத முழு மசூர். 250 கிராமை ஊறவைக்காமல் 35 நிமிடம் வேகவைத்து இதே முறையில் செய்யலாம். ராஜ்மாவை விட இது எளிது, முதல்முறை செய்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

கீரை

'பிரேட்' என்பது தீவில் கீரைகளுக்கெல்லாம் பொதுப்பெயர். பெயர்களைக் கேட்டால் நம் கீரைக்கட்டுதான் கண்முன் வரும்: முருங்கைக் கீரை, மணத்தக்காளியின் இனமான 'மொரேல்', தண்டுக்கீரை இனங்கள். எல்லாவற்றையும் விட வீடுகளில் அதிகம் வதங்குவது சௌசௌ கொடியின் இளந்தளிர். அங்கே 'ஷூஷூ' என்கிறார்கள். சௌசௌ காயை மட்டும் வாங்கும் நாம் கொடியை எறிந்துவிடுவது பெரிய நட்டம்.

தளிரின் தண்டை ஒடித்து, பீன்ஸுக்கு எடுப்பதுபோல நாரை உரித்தெடுங்கள். சுருள் கம்பிகளைக் கிள்ளி எறியுங்கள். அவை எவ்வளவு வேகவைத்தாலும் வாயில் சிக்கும். 2 மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு வெங்காயம், இடித்த பூண்டு 5 பல், இஞ்சி சிறிது வதக்கி, 500 கிராம் தளிரை ஈரத்தோடு போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். 5 நிமிடம் கழித்துத் திறந்து, ஈரம் வற்றும்வரை கிளறி, கடைசியில் உப்பு. முதலிலேயே உப்புப் போட்டால் மலைபோல் இருந்த கீரை கைப்பிடியாகச் சுருங்கிய பிறகுதான் உப்பு கூடிப்போனது தெரியும்.

இதே வதக்கலில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் 'புய்யோன்' என்ற கீரைச் சாறு. முருங்கைக்கும் மணத்தக்காளிக்கும் இதுவே பொருத்தம். காரி வறண்டிருக்கும் நாளில் சோற்றுக்கு ஈரம் தரும்.

தக்காளி ருகாய்

பச்சை மிளகாய் 4, உப்பு அரை தேக்கரண்டி, இஞ்சி ஒரு விரல்கணு. மூன்றையும் இடிகல்லில் விழுதாக்குங்கள். 3 கெட்டியான பழுத்த தக்காளியையும் ஒரு சிறு வெங்காயத்தையும் கத்தியால் கடுகளவாக நறுக்கி அதில் கலக்குங்கள். தக்காளியை இடிக்கக் கூடாது, நுரைத்து நீர்த்துவிடும். தீவில் இதன்மேல் 'கொம்பாவா' தோலை ஒரு சிட்டிகை துருவுவார்கள். தாய்லாந்துச் சமையலில் இலையைப் போடுகிறார்களே, அந்த முரட்டுத்தோல் எலுமிச்சை. கிடைக்காவிட்டால் சாதா எலுமிச்சையின் பச்சைத்தோல் மட்டும். வெள்ளைப்பகுதி பட்டால் கசக்கும்.

10 நிமிடம் ஊறியதும் பரிமாறுங்கள். ஒரு மணி நேரம் தாண்டினால் தண்ணீர் விட்டுச் சப்பென்று போய்விடும். ஆகவே இதை எல்லாவற்றுக்கும் கடைசியாகச் செய்யுங்கள்.

மாங்காய் நாட்களில் தக்காளிக்குப் பதில் துருவிப் பிழிந்த மாங்காய். தணலில் சுட்டுத் தோலுரித்து மசித்த கத்தரிக்காயிலும் ருகாய் உண்டு. மீன் காரிக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

சாசேஜ் ருகாய்

ருகாய் என்ற பெயரிலேயே சமைத்த பதார்த்தம் ஒன்றும் உண்டு. குழம்பிக்கொள்ள வேண்டாம், இது காரியின் இடத்தில் வருவது.

நல்ல பன்றி சாசேஜ் 1 கிலோ. முள்கரண்டியால் குத்தி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு 15 நிமிடம் கொதிக்கவிட்டு, தண்ணீரைக் கொட்டுங்கள். புகைபோட்டது என்றால் இன்னொரு முறை. உப்பும் கொழுப்பும் போக வேண்டியதற்காகத்தான் இது. தவிர்த்தால் வாயில் வைக்க முடியாது. 2 செ.மீ. வட்டங்களாக வெட்டி, எண்ணெய் ஊற்றாமல் அதன் கொழுப்பிலேயே ஓரம் சிவக்க வறுங்கள். இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் கொழுப்பு நின்றால் வடித்துவிடுங்கள். பிறகு 4 வெங்காயம், இடித்த பூண்டும் கொஞ்சம் இஞ்சியும், தைம், கீறிய பச்சை மிளகாய் 3, தக்காளி 800 கிராம். 25 நிமிடம் சிறுதீ. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான், பெரும்பாலும் தேவைப்படாது.

இதற்கு மஞ்சள் போடலாமா என்பது தீவின் தீராத வழக்கு. வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. மஞ்சள் சேர்ந்த கணத்தில் இது இன்னொரு காரி ஆகிவிடுகிறது. தக்காளியின் சிவப்பும் புளிப்பும்தான் இதன் அடையாளம். ஏற்கெனவே முழுதாக வேகவைத்துப் பாக்கெட்டில் விற்கும் சிக்கன் சாசேஜில் உருகக் கொழுப்பு இல்லை. அதில் செய்தால் ரப்பராகத்தான் இருக்கும்.

மஸாலே ஆடு: மல்லி வரும் ஒரே இடம்

மால்பார் வீடுகளிலிருந்து தீவு முழுவதற்கும் பரவிய பொடிதான் 'மஸாலே'. மல்லி 4 மேசைக்கரண்டி, சீரகம் 1 மேசைக்கரண்டி, மிளகு, வெந்தயம், கடுகு தலா 1 தேக்கரண்டி, கிராம்பு 4, காய்ந்த மிளகாய் 3. தனித்தனியாக வறுத்துப் பொடியுங்கள். ஒன்றாக வறுத்தால் மல்லி வாசம் வருவதற்குள் வெந்தயம் கருகிவிடும்.

ஆட்டிறைச்சி 1.5 கிலோவைக் கோழிக் காரியின் முறையிலேயே வறுத்து, மஞ்சளுக்குப் பிறகு 3 மேசைக்கரண்டி பொடியை அரைத் தம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். உலர்பொடியாகத் தூவினால் அடியில் தீயும். கறிவேப்பிலை இரண்டு கொத்து, தக்காளி 2 மட்டும். ஒன்றரை மணி நேரம் வெந்தபின் நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம்.

சோறும் நேரக் கணக்கும்

நீளமான பச்சரிசி மூன்று கப், நாலரைக் கப் தண்ணீர், உப்பில்லாமல். பொன்னி என்றால் அரை கப் தண்ணீர் குறைவாக, அரிசி புதியதா பழையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிரேனிலும் காரியிலும் உப்பு இருப்பதால் சோறு வெறுமையாக இருப்பதே முறை.

மதியம் 12:30க்குச் சாப்பாடு என்றால் 10 மணிக்கு ராஜ்மா, 10:45க்குக் கோழி. காரியை மூடிச் சிறுதீக்குக் கொண்டுவந்த பிறகு கிரேனைத் தாளித்து, 11:50க்கு அரிசி, 12 மணிக்குக் கீரை, 12:15க்கு ருகாய். நாட்டுக்கோழி என்றால் ராஜ்மாவையும் கோழியையும் மட்டும் முக்கால் மணி நேரம் முன்னே தள்ளுங்கள்.

தட்டில் முதலில் சோறு, அதன்மேல் கிரேன், பக்கத்தில் காரியும் கீரையும், ஓரத்தில் ருகாய். எல்லாவற்றையும் மொத்தமாகப் பிசைந்துவிடாமல், ஒவ்வொரு வாய்க்கும் ருகாயைக் கொஞ்சம் தொட்டுக்கொள்ளுங்கள். குழந்தையும் தாத்தாவும் ஒரே காரியைச் சாப்பிட முடிவது இதனால்தான்.

சோறு மீந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் கொஞ்சம் எண்ணெயில் நசுக்கிய பூண்டும் காய்ந்த மிளகாயும் சிவக்க வதக்கி, அந்தச் சோற்றை உதிர்த்துப் போட்டு, ஒட்டிக்கிடக்கும் காரிக் குழம்பையும் வழித்து ஊற்றி, அடி மொறுமொறுப்பாகும்வரை கிளறாமல் விடுங்கள். 'ரி ஷோஃபே' என்று இதற்குப் பெயர். தீவின் பழைய காலை உணவு அதுதான்.